வந்துபோனவர்கள் விட்டுப்போன வழி



கொலன்னாவையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் லீசிங்கில் ஒரு வேன் எடுத்து, வெளிநாட்டுக்காரருக்கு ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் இறங்கப் போகிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். அவனுடைய வாப்பாவுக்கு அரைமனசு. யாரோ ஒரு நடிகை எல்லவுக்கு வந்து படம் எடுத்துப் போட்டால் சனம் வருகிறது. யாரோ ஒருத்தன் குண்டு வைத்தால் சனம் நின்றுபோகிறது. இப்படி முன்பின் தெரியாதவர்களின் காலடியை நம்பிக் கடன்படலாமா?"

நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பேர்போன ஒருவர் வந்துபோவதால் ஓர் ஊருக்கு உண்மையிலேயே சனம் வருமா என்பது ஒன்று. அப்படி வரும் சனத்தால் அந்த ஊரில் யாருடைய அடுப்பு எரியும் என்பது மற்றொன்று. முதலாவது கேள்விக்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே தாராளமாகப் பதில் கிடக்கிறது. இரண்டாவதைத்தான் யாரும் நம்மிடம் சொல்வதில்லை.

உலகமே பேர் சொல்லும் பயணி ஒருவர் நம் தீவுக்கு வந்த கதையிலிருந்து தொடங்குவோம். மொரோக்கோவின் தஞ்சா நகரில் பிறந்த இப்னு பதூதா, மாலைதீவில் காழியாக இருந்துவிட்டு, 1344ஆம் ஆண்டு தமிழகக் கரைக்குப் போவதற்காகக் கப்பலேறினார். காற்று அவரைப் புத்தளத்துக் கரையில் கொண்டுவந்து தள்ளியது. அங்கே ஆரியச்சக்கரவர்த்தி அவரை மூன்று நாள் விருந்தாளியாக வைத்திருந்து, முத்துக்களும் கொடுத்து, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும். அரசன் பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்தான். வருடந்தோறும் மலைக்குப் போய்ப் பழகிய 4 யோகிகள், 3 பிராமணர்கள், 10 கூட்டாளிகள், சாமான் தூக்க 15 பேர் என்று ஒரு பட்டாளத்தையே கூட அனுப்பினான். இன்றைய சுற்றுலாக் கம்பனிக்காரர் யாரும் இவ்வளவு செய்யமாட்டார்.

ஆதம் (அலை) அவர்கள் பூமியில் இறங்கிய இடம் இன்னதென்று திருக்குர்ஆன் சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். என்றாலும், சரந்தீபின் அந்த மலைதான் அது என்று அரபு வணிகர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், இந்துக்களுக்குச் சிவனொளிபாதம். ஒரே கல்லுக்கு இத்தனை பேர் ஏறுவது உலகில் வேறெங்கும் அதிகம் இல்லை.

அவர் சொன்னவற்றில் நமக்கு வேண்டியது மூன்று விடயம். மலைக்குப் பாவா வழி, மாமா வழி என்று இரண்டு வழிகள் இருந்தனவாம். மாமா என்றதும் நம் தாய்மாமாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஹவ்வா (அலை) அவர்களைத்தான் ஊரார் அப்படி அழைத்தார்களாம். மாமா வழி இலகுவானது. ஆனால் அந்த வழியாக ஏறிப் போனவரை, போய்வந்த கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். பாவா வழியில் இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏற வேண்டும். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அந்த இடத்தில் நின்று கீழே பார்த்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாய் தானாகக் கலிமாவை மொழிந்துவிடுமாம்.

இரண்டாவது, பாதம் பதிந்த பாறையில் 9 குழிகள் குடையப்பட்டிருந்தன. மலைக்கு வருகிறவர்கள் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் போட்டுவிட்டுப் போவார்கள். அதை எடுக்கப் பக்கீர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு மலையேறுவார்களாம். அவர் போய்ச் சேர்ந்தபோது சில கற்களும் கொஞ்சம் பொன்னும்தான் மிச்சம்; அதை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டார். வந்தவன் போடுவதை முந்தி ஓடுகிறவன் எடுப்பான் என்பது 680 வருடத்துக்கு முந்திய தொழில் இரகசியம்.

மூன்றாவதுதான் என் மனதில் அதிகம் நிற்பது. அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே இந்த மலைக்கு வந்துபோனதாகச் சொல்லப்படும் ஷெய்க் அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் என்ற பெரியாரின் நடத்தையால், இத்தீவு மக்கள் முஸ்லிம்களைப் பெரிதும் மதித்தார்கள் என்று அவர் சொல்கிறார். தங்கள் வீட்டிலேயே தங்க இடம் கொடுப்பார்கள், சாப்பாடு கொடுப்பார்கள், தங்கள் பெண்டு பிள்ளைகளுக்கு நடுவே இருக்கவிட்டும் அச்சப்படமாட்டார்கள் என்கிறார். அந்தப் பெரியார் ஒரு பிரபல விருந்தாளிதான். ஆனால் அவர் விட்டுப்போனது விளம்பரம் அல்ல, நம்பிக்கை. இந்த வார்த்தைக்குப் பிறகு திரும்பி வருவோம்.

இத்தீவுப் பெண்களைப் பற்றியும் ஒரு வரி உண்டு. எல்லாரும் பலநிற மாணிக்கங்களைக் கழுத்திலும் கையிலும் காலிலும் அணிந்திருந்தார்களாம். எல்லாரும் என்றால் எல்லாருமா? பயணிகள் எழுதும்போது கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். அந்தக் கூட்டலும் சேர்ந்துதான் இந்தத் தீவுக்குப் "பொக்கிஷ பூமி" என்று பேர் வாங்கிக் கொடுத்தது.

அடுத்த பெரிய மாற்றம் ஒரு மனிதரால் வந்ததல்ல, ஒரு கால்வாயால் வந்தது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்த பிறகு, ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் கப்பல்கள் இலங்கையில் நின்று நிலக்கரி ஏற்றிக்கொண்டு போயின. அதுவரை காலித் துறைமுகம்தான் பெரிது. கொழும்பில் அலைதடுப்பு மதிலுக்கு 1875 டிசம்பரில் அடிக்கல் வைத்தவர், பின்னாளில் 7ஆம் எட்வர்ட் மன்னராக வந்த வேல்ஸ் இளவரசர். மதில் கட்டி முடிந்ததும் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வந்தன. கப்பலோடு நம் இரத்தினக்கல் வியாபாரிகளும் வந்தார்கள். 1860இல் காலியில் தொடங்கிய மாக்கான் மாக்காரின் நகைக்கடை கொழும்புக்கு வந்து பேர் வாங்கியது அப்படித்தான். காலிமுகத்திடல் ஹோட்டல் 1864இலும், துறைமுகத்துக்கு எதிரே கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் 1875இலும் எழுந்தன.

அந்த ஓரியன்டல் ஹோட்டலில் 1890 நவம்பரில் தங்கியவர் ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ். சக்காலின் தீவுச் சிறைகளைப் பார்த்துவிட்டு மனம் நொந்து வந்தவருக்கு, இலங்கை சுவர்க்கமாகத் தெரிந்தது. கடிதத்திலும் அப்படியே எழுதினார். போகும்போது கீரிப்பிள்ளை என்று மூன்று பிராணிகளை வாங்கிக்கொண்டு போனார். ஊருக்குப் போன பிறகுதான் அவற்றில் ஒன்று மரநாய் என்று தெரிந்தது. கொழும்புக் கரையில் யாரோ ஒரு நம்மாள் அவரை நன்றாக ஏமாற்றியிருக்கிறான்! அப்படியிருந்தும் ஹோட்டலில் அவர் பெயரில் ஓர் அறை வைத்திருக்கிறார்கள்.

1896 ஜனவரியில் அமெரிக்காவின் மார்க் ட்வெய்ன் வந்தார். கொழும்பு வீதியில் போன சனங்களின் பட்டு உடுப்பையும் நிறங்களையும் கண்டு மயங்கிப் பக்கம் பக்கமாக எழுதியவர், மிஷன் பாடசாலையிலிருந்து வரிசையாக வந்த 16 சிறுமிகளின் ஐரோப்பிய உடுப்பைக் கண்டு முகம் சுளித்தார். அவருடைய கண்ணுக்கு அது காட்சியைக் கெடுத்துவிட்டதாம். அந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கிடைத்ததே என்று ஒரு வார்த்தை இல்லை. பெண்பிள்ளை என்ன உடுத்தினாலும் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லாமல் போகும் பயணி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பேர்போனவர்கள் எல்லாரும் விரும்பி வந்தவர்களும் அல்ல. எகிப்தின் அஹ்மத் ஒறாபி பாஷா 1883இல் நாடு கடத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டார்; 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் இருந்தார். நம் முன்னோர் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். மருதானையில் 1892இல் ஸாஹிரா தொடங்கியதில் அவருடைய ஊக்கத்துக்கும் பங்கு உண்டு. கண்டியில் அவர் இருந்த வீடு நினைவகமாக இருக்கிறது. தலதா மாளிகைக்கு வரும் பஸ்களில் எத்தனை அந்தப் பக்கம் திரும்புகின்றன? அதை விடுவோம், பாடசாலைச் சுற்றுலாவுக்குக் கண்டி போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? பேர் தானாக நிலைப்பதில்லை, யாராவது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி நம் கங்கைக்கு வருவோம். மஸ்கெலியா ஓயா பாவா ஆதம் மலைப் பக்கத்தில் பிறந்து, கெஹெல்கமு ஓயாவோடு சேர்ந்து, களனி கங்கையாகி, கித்துல்கல வழியாக இறங்கி, கொலன்னாவைக்கு வடக்கே ஓடி முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. 2016 மே வெள்ளத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவை வீடுகளுக்குள் கூரை மட்டத்துக்கு வந்தது இந்தத் தண்ணீர்தான். அதே தண்ணீர் மேலே கித்துல்கலவில் ஓர் ஊருக்கே சோறு போடுகிறது. எப்படி?

1956, 57இல் டேவிட் லீன் என்ற ஆங்கிலேய இயக்குநர் "குவாய் நதிப் பாலம்" என்ற படத்தை எடுக்க வந்தார். உண்மையான பாலம் இருந்தது தாய்லாந்தில். ஆனால் படத்துக்குத் தோதான ஆறு கித்துல்கலவில் கிடைத்தது. ஊர் ஆட்களும் யானைகளும் சேர்ந்து மரம் இழுத்துப் பெரிய பாலமொன்றைக் கட்டினார்கள். 1957 மார்ச்சில், படத்துக்காக, ஓடும் ரயிலோடு அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். படத்துக்கு 7 ஒஸ்கார் பரிசுகள். கித்துல்கலவுக்கு மிஞ்சியது கங்கைக்கரையில் கொஞ்சம் கொங்கிறீட் அடித்தளம்.

இல்லாத பாலத்தைப் பார்க்க 60 வருடத்துக்கு மேலாகச் சனம் வருகிறது, சகோதரிகளே! வந்தவர்கள் பசித்தபோது விடுதி வந்தது. தங்கியபோது அறைகள் வந்தன. பிறகு அதே ஆற்றில் இரப்பர்ப் படகு விடும் விளையாட்டு வந்தது. இன்று அங்கே போகும் இளைஞர்களில் பாதிப்பேர் அந்தப் படத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். படம் வழியைத் திறந்தது. வழியை மூடாமல் வைத்திருப்பது படகுக்காரனும் சோறு சமைக்கிறவளும்.

இதே மாதிரிப் படப்பிடிப்புகள் வேறும் வந்தன. 1982இல் டுரான் டுரான் என்ற ஆங்கிலப் பாட்டுக் குழு சீகிரியாவிலும் பொலன்னறுவையிலும் ஒளிப்பாடல் எடுத்தது. 1983இல் ஸ்பீல்பேர்க் தம் இந்தியானா ஜோன்ஸ் படத்துக்காகக் கண்டிப் பக்கம் வந்தார். இந்தியாவில் அனுமதி கிடைக்காததால் இங்கே வந்து, கண்டியை இந்தியக் கிராமமாகக் காட்டினார்! படம் பார்த்தவனுக்கு அது இலங்கை என்றே தெரியாது. அந்த வருடம் ஜூலையில் நாடு எரிந்ததும் சேர்ந்து, அந்தப் பேரால் நமக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஊரின் பெயரைச் சொல்லாத புகழ், முகவரி இல்லாத கடிதம் மாதிரி.

வந்தவர்களில் போகாமல் தங்கிவிட்டவர் ஆதர் சி. கிளார்க். விஞ்ஞானக் கதைகள் எழுதிய ஆங்கிலேயர். 1956இல் இங்கே வந்து, 2008 மார்ச்சில் இறக்கும்வரை கொழும்பிலேயே வாழ்ந்தார். அவரை இழுத்தது நம் கடலின் அடிப்பகுதி. அவரும் நண்பர்களும் கடலில் மூழ்கிப் பார்ப்பதை ஒரு தொழிலாக்கினார்கள். 1961இல், தென்கிழக்கில் பெரிய பாசஸ் பாறைக்கருகே அவருடைய கூட்டாளிகள் ஒரு பழைய கப்பலின் சிதைவைக் கண்டார்கள். அதில் கட்டி கட்டியாக வெள்ளி நாணயங்கள். எல்லாம் ஔரங்கசீப் பாதுஷாவின் காலத்தில் சூரத் நகரில் ஹிஜ்ரி 1113இல் அச்சிட்டவை. அந்தச் செய்தி உலகெங்கும் போனது. தெற்குக் கடலுக்கு முக்குளிக்கிறவர்கள் வரத் தொடங்கினார்கள். ஹிக்கடுவையில் பவளப்பாறை பார்க்கும் கண்ணாடிப் படகுகள் பெருகின.

பெருகிப் பெருகி என்ன ஆனது? ஹிக்கடுவைப் பவளத்தை 1979இல் அரசாங்கம் சரணாலயம் ஆக்கியது. ஆனாலும் படகின் அடியும் மனிதக் காலும் பட்டு நொந்திருந்த பவளம், 1998இல் கடல் சூடேறியபோது வெளுத்துச் செத்தது. 2004 டிசம்பர் 26இன் சுனாமியில் கிளார்க்கின் முக்குளிப்புப் பாடசாலையும் போய்விட்டது. தாய்லாந்திலும் இந்தக் கதை உண்டு. டிகாப்ரியோ நடித்த ஒரு படத்தால் பேர்பெற்ற மாயா குடாவில் சனம் நிரம்பிப் பவளம் அழியவே, 2018 ஜூனில் கரையைப் பூட்டிவிட்டார்கள். 2022 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். புகழ் அளவுக்கு மிஞ்சினால் எதைப் பார்க்கச் சனம் வந்ததோ அதையே தின்றுவிடும். எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தடியில் கூடும் கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பவளம்தான் ஞாபகம் வருகிறது.

பிரபலங்களைக் காசு கொடுத்து அழைக்கவும் பார்த்திருக்கிறார்கள். யுத்தம் முடிந்த அடுத்த வருடம், 2010 ஜூனில், இந்தித் திரைப்பட விருது விழாவைக் கொழும்பில் நடத்தினார்கள். தமிழ்நாட்டுத் திரையுலகம் அதைப் பகிஷ்கரித்தது. இந்திப் பெரும் நட்சத்திரங்கள் பலரும் வரவில்லை. விருந்தாளியை அழைக்குமுன் வீட்டில் ஆறாத புண் இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் இப்படித்தான்.

சரி, இத்தனை பேர் வந்துபோனதில் தொகை எப்படி ஏறி இறங்கியது? உல்லாசப் பயணத்துக்கு என்று ஒரு சபையை அரசாங்கம் அமைத்தது 1966இல். அந்த வருடம் வந்தவர்கள் 18,969 பேர். 1982இல் 4,07,230 பேர். இந்த ஏற்றத்துக்கு 16 வருடம் பிடித்தது. 1989இல் அது 1,84,732ஆக இறங்கிவிட்டது. 1995 ஒக்டோபரில் நம் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் எரிந்ததையும், அடுத்த ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டையும் மறந்திருக்கமாட்டீர்கள். 1995இல் 4 இலட்சத்துக்கு மேல் வந்தவர்கள் 1996இல் 3 இலட்சமானார்கள். யுத்தம் முடிந்து 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டியது. அந்த ஒக்டோபரில் லோன்லி பிளானட் என்ற பேர்பெற்ற வழிகாட்டி நிறுவனம், 2019இல் போக வேண்டிய நாடுகளில் இலங்கைக்கு முதலிடம் கொடுத்தது. இதைவிடப் பெரிய விளம்பரம் என்ன வேண்டும்?

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் நம் வீடுகளுக்கு எவ்வளவு தூரம்? மூன்று தேவாலயங்களிலும் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் செய்த கொடுமை அது. 2018 மே மாதம் 1,29,466 பேர் வந்த நாட்டுக்கு, 2019 மே மாதம் வந்தவர்கள் 37,802 பேர்.

ஹோட்டல்கள் எல்லாருக்கும்தான் வெறிச்சோடின. நமக்கு மட்டும் இன்னொரு கதவும் மூடியது. குருநாகல் பகுதியிலும் மினுவாங்கொடையிலும் நம் கடைகள் எரிந்தன. எரியாத இடங்களில் வாடிக்கையாளர் வரவில்லை. கல் வியாபாரி, வேன்காரன், விடுதிக்குக் கோழி கொடுத்தவன் என்று எத்தனையோ வீடுகளில், வெளிநாட்டுக்காரனும் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரனும் வரவில்லை. இப்னு பதூதா சொன்ன அந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். பெண்டு பிள்ளைகளுக்கு நடுவே முஸ்லிமை இருக்கவிட்டு அச்சப்படாத வீடுகள். ஒரு பெரியார் நடந்துகாட்டி வாங்கிய நம்பிக்கையை, சிலர் ஒரே காலையில் உடைத்துவிட்டார்கள். ஊர் ஊராக, கடை கடையாக அதைத் திருப்பிக் கட்டுவது நம் தலையில் விழுந்தது.

பிறகு கொரோனா வந்தது. 2021இல் 2 இலட்சம் பேர்கூட வரவில்லை. 2022இல் எரிபொருளுக்கு நாம் நாட்கணக்காக வரிசையில் நின்றபோது யார்தான் வருவார்? ஆனாலும் 2023இல் ஏறக்குறைய 15 இலட்சம், 2024இல் 20 இலட்சத்துக்கு மேல் என்று திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் வந்தார்கள். ஆனால் அவர்கள் திரும்பி வரும்வரை தாக்குப்பிடித்தவர்கள் யார், வேனையும் வீட்டையும் பறிகொடுத்தவர்கள் யார் என்பதுதான் நம் கேள்வி.

ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில்: மகன் தொழிலுக்குப் போவதைத் தடுக்க வேண்டாம், வேனை எப்படி எடுக்கிறான் என்று கேளுங்கள். ஆறு மாதம் ஒரு வெளிநாட்டுக்காரனும் ஏறாவிட்டால் தவணைக்கு என்ன வழி? பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றலாமா, கல்யாண ஓட்டம் கிடைக்குமா? தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டெம்பர் வரை. பாவா ஆதம் மலைக்கு டிசம்பர் போயா முதல் வெசாக் வரை. மூன்றையும் தெரிந்து ஓடுகிறவனுக்கு வருடத்தில் வெறும் மாதம் குறைவு. வட்டியில் மாட்டாமல் இஜாரா முறையில் எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் வழிகாட்டி அனுமதிப்பத்திரத்தையும், ஆங்கிலத்துக்கு மேலே இன்னொரு மொழியையும் வேனுக்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். அரபு மதரஸாவில் ஓதிய பிள்ளையானால் பாதி வழி வந்துவிட்டான். எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது, கடனுக்குப் பிணையாக எந்த வீட்டின் உறுதி போகிறது என்பது. நம்மில் பல ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்கு எழுதிய வீட்டின் உறுதியை மகனின் வேனுக்காக அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள்.

அந்த வீடே தொழில் செய்யலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட பிறகு, வெளிநாட்டுச் செல்வந்தர்கள் வந்து பழைய வீடுகளை வாங்கினார்கள். நம்மவர்களில் சிலர் நல்ல விலை என்று விற்றுவிட்டு வெளியே போனார்கள். சிலர் விற்காமல், இரண்டு அறையைச் சுத்தமாக்கி விருந்தினருக்கு விட்டார்கள். விற்றவருக்கு ஒருதரம் காசு வந்தது. வைத்திருந்தவருக்குச் சனம் வராத வருடத்திலும் தலைக்கு மேலே கூரை இருந்தது. சனம் வந்தபோது அறையும் இருந்தது. வீட்டு அறைகளை விருந்தினருக்கு விடுவதற்கும் அதே அதிகார சபையில் பதிவு உண்டு.

கொலன்னாவைக்கு யார் வருவார் என்று சிரிக்க வேண்டாம். மலேசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் குடும்பமாக வருகிறவர்கள் கொழும்பில் ஓரிரவு தங்கித்தான் மலைநாட்டுக்குப் போகிறார்கள். ஹோட்டல் அறையில் அந்தப் பெண்கள் தேடுகிற சாமான்கள் எவை என்று எந்த ஹோட்டல் முகாமையாளரையும்விட நமக்கு நன்றாகத் தெரியும். மலகூடத்தில் தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கிப்லா எந்தப் பக்கம் என்று முகட்டில் ஓர் அம்புக்குறி. பறாத்தாவைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்க, வெளியார் பார்வை படாத ஒரு முற்றம். சஹருக்கு எழுப்பி, சுடச்சுடத் தேத்தண்ணி கொடுக்க ஓர் உம்மா.